கையில் ஒரு எண், காலில் ஒரு எண்

பிறந்தபோது குழந்தை நன்றாக அழுதது. பால் குடித்தது. எடையும் குறைவில்லை. மூன்றாம் நாள் தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். எட்டாம் நாள் பால் குடிக்க மறுத்தது. மறுநாள் விடியும் முன்பே உயிர் போய்விட்டது. விழுப்புரம் மாவட்டத்துச் சேரிகளில் பெண்களோடு உட்கார்ந்து பேசினால், இப்படி ஒரு சாவைச் சொல்லும் தாயோ பாட்டியோ இருப்பார்கள். ஏன் இறந்தது என்று கேட்டால், “தோஷம் தட்டிடுச்சு” என்பார் ஒருவர். “பால் புரையேறிடுச்சு” என்பார் இன்னொருவர். கடைசியில் பழி தாயின் தலையில்தான் விழும். படுத்துக்கொண்டே பால் கொடுத்தாள், தலைக்கு ஊற்றிவிட்டுக் காற்றில் போட்டாள் என்று ஆயுசுக்கும் பேச்சு கேட்பாள்.

இந்தச் சாவுகள் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் இருக்க முடியாது. ஆனால் இவற்றில் சில, பிறவி இதயக் கோளாறால் நேர்பவை. அந்தக் கோளாறில் மிக ஆபத்தான வகைகளைப் பிரசவ வார்டிலேயே, ஐந்து நிமிடத்தில், ஊசியில்லாமல், ஒரு சொட்டு ரத்தம் எடுக்காமல் கண்டறிய வழி இருக்கிறது. பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் அந்தச் சோதனையைச் செய்தே தீர வேண்டும் என்பதை விதியாக்க வேண்டும். அதைத்தான் இங்கே பேசுகிறேன்.

மூன்று நாள் நன்றாக இருப்பது எப்படி?

கருவில் இருக்கும் பிள்ளைக்கு நுரையீரலால் வேலை இல்லை. தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகவே ஆக்சிஜன் வந்துவிடுகிறது. அதனால் நுரையீரலுக்குப் போகும் பெரிய குழாயையும், உடம்புக்குப் போகும் பெரிய குழாயையும் இணைத்து ஒரு குறுக்குக் குழாய் இருக்கும். பிறந்த பிறகு, ஓரிரு நாட்களில் அது மூடத் தொடங்கும். இதயம் சரியாக அமைந்த குழந்தைக்கு இதனால் எந்தத் தீங்கும் இல்லை.

ஆனால் சில குழந்தைகளுக்கு அந்த இரண்டு பெரிய குழாய்களும் இடம் மாறி அமைந்திருக்கும். சில குழந்தைகளுக்கு நுரையீரலுக்குப் போகும் வழியே அடைபட்டிருக்கும். அவர்களுக்கு அந்தக் குறுக்குக் குழாய்தான் உயிர்வழி. அது திறந்திருக்கும் வரை பிள்ளை அழும், பால் குடிக்கும், பார்ப்பவர் யாருக்கும் சந்தேகம் வராது. அது மூடும்போது பிள்ளை வார்டில் இருக்காது. சேரியில், கூரை வீட்டில், பாட்டி மடியில் இருக்கும்.

நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்று, ஏதோ ஒரு வகை இதயக் கோளாறோடு பிறக்கிறது. இந்தியாவில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேல் என்பது மருத்துவர்களின் மதிப்பீடு. அவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு முதல் வயதுக்குள்ளேயே அறுவை சிகிச்சையோ வேறு தலையீடோ தேவைப்படும். மற்ற பலருக்குச் சிறிய ஓட்டைதான். சில தானாகவே மூடிவிடும்.

கொரோனாவில் பார்த்த கருவிதான்

கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, பல்ஸ் ஆக்சிமீட்டர், அதே கருவிதான். பச்சைக் குழந்தைக்குக் கிளிப் மாட்ட முடியாது. கையிலும் காலிலும் சுற்றி ஒட்டும் சிறிய பட்டை வேண்டும். பிறந்து 24 மணி நேரம் கழித்து, வீட்டுக்கு அனுப்பும் முன், வலது கையில் ஒரு முறையும் ஏதேனும் ஒரு காலில் ஒரு முறையும் பார்க்க வேண்டும். வலது கைக்குப் போகும் ரத்தம் அந்தக் குறுக்குக் குழாய் சேரும் இடத்துக்கு முன்பே பிரிகிறது. காலுக்குப் போகும் ரத்தம் அதற்குப் பிறகு. அதனால்தான் இரண்டு இடம், இரண்டு எண்.

ஆக்சிஜன் அளவு 95 அல்லது அதற்கு மேல் இருந்து, கைக்கும் காலுக்கும் வித்தியாசம் மூன்றுக்குள் இருந்தால் குழந்தை தேறியது. 90-க்குக் கீழே இருந்தால் உடனே மருத்துவர் பார்க்க வேண்டும். நடுவில் இருந்தாலோ, வித்தியாசம் மூன்றுக்கு மேல் இருந்தாலோ ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஒரு செவிலியர் இதைச் செய்துவிடலாம்.

இது எல்லாவற்றையும் பிடித்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆபத்தான கோளாறுகளில் நான்கில் மூன்றை இது காட்டும். மகாதமனி குறுகியிருப்பது போன்றவை தப்பலாம். ஆக்சிஜன் குறையாத சாதாரண ஓட்டைகள் இதில் தெரியாது. ஆயிரம் நல்ல குழந்தைகளைச் சோதித்தால் ஒன்றிரண்டு பேருக்குத்தான் தேவையில்லாத பயம் வரும். அவர்களிலும் சிலருக்கு நிமோனியாவோ கிருமித் தொற்றோ இருப்பது இதனாலேயே தெரியவரும்.

கண்ணை நம்ப முடியாது

“உடம்பு நீலம் பாரித்தால் தெரியாதா?” என்று கேட்கலாம். தெரியாது. ஆக்சிஜன் 80-ஐ ஒட்டி இறங்கிய பிறகுதான் பெரும்பாலும் நீலம் கண்ணுக்குப் புலப்படும். ரத்தம் குறைந்த குழந்தைக்கு அப்போதும் புலப்படாது. கறுத்த தோலில் இன்னும் கடினம். மருத்துவப் பாடநூல்கள் வெகுகாலம் வெள்ளைத் தோலை வைத்தே நீலத்தை விவரித்தன. நம் பிள்ளைகளுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. பாட்டி சொல்வாள், “எங்க வம்சமே கறுப்புதான், உதடும் அப்படித்தான் இருக்கும்” என்று. வார்டில் இருப்பவர்களும் அப்படியே நினைத்துவிட்டால், கறுப்பே பிள்ளையின் நோயை மறைக்கும் திரையாகிவிடும். ஆக்சிமீட்டரும் கறுத்த தோலில் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் எல்லையில் நிற்கும் எண்ணை அலட்சியம் செய்யாமல் மறுபடி பார்க்க வேண்டும். அப்படியிருந்தும் வெறுங்கண்ணைவிடக் கருவி பல மடங்கு மேல்.

நீலக் குழந்தைகளைக் காப்பாற்றிய வரலாற்றிலேயே நம் கவனத்துக்குரிய ஒருவர் இருக்கிறார். 1944 நவம்பரில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் ‘நீலக் குழந்தை’ அறுவை சிகிச்சை நடந்தது. யோசனை ஹெலன் டாசிக் என்ற குழந்தை மருத்துவருடையது. கத்தி பிடித்தவர் ஆல்ஃபிரட் பிளாலக். பிளாலக்கின் முதுகுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று, எங்கே தைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் விவியன் தாமஸ். தச்சுவேலை தெரிந்த கறுப்பினத்தவர். மருத்துவம் படிக்கச் சேர்த்த பணம் 1930-ஐ ஒட்டிய பொருளாதார வீழ்ச்சியில் வங்கியோடு போனது. அந்த அறுவை முறையை ஆய்வுக்கூடத்தில் நாய்களின் மேல் செய்து செய்து உருவாக்கியவர் அவர்தான். அவருக்குக் கிடைத்ததோ துப்புரவுப் பணியாளர் பதவிப் பெயரும் அதற்கான சம்பளமும். அதே நிறுவனம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது 1976-இல். ஒதுக்கப்பட்டவரின் கை உருவாக்கிய சிகிச்சை ஒதுக்கப்பட்டவரின் பிள்ளைக்குக் கடைசியாகத்தான் வந்து சேரும் என்றால், அந்த அநீதி இன்னும் முடியவில்லை என்று பொருள்.

சலுகையா, விதியா?

இந்தச் சோதனையைப் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யலாம் என்று அமெரிக்க அரசு 2011-இல் பரிந்துரைத்தது. சில மாநிலங்கள் உடனே கட்டாயமாக்கின. சில மாநிலங்கள் விருப்பத்துக்கு விட்டன. 2017-இல் வெளியான ஆய்வு இரண்டையும் ஒப்பிட்டது. கட்டாயமாக்கி நடைமுறைப்படுத்திய இடங்களில், ஆபத்தான இதயக் கோளாறால் இறக்கும் பச்சிளங்குழந்தைகளின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. விருப்பத்துக்கு விட்ட இடங்களில் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

நமக்கு வேண்டிய பாடம் இதில் இருக்கிறது. கேட்டால் செய்வோம் என்ற சோதனை, கேட்கத் தெரிந்தவருக்கே போகும். படித்தவர், மருத்துவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் உள்ளவர், தனியார் மருத்துவமனையில் பணம் கட்டியவர் கேட்பார்கள். கரும்பு வெட்டிவிட்டு வந்து பிரசவித்தவள் எதைக் கேட்பாள்? ‘உனக்கு என்ன தெரியும்’ என்ற அதட்டலுக்குப் பயந்து, அழுக்குத் துணியைக்கூடக் கேட்டு மாற்றாதவள் அவள். எல்லோருக்கும் என்று விதி வந்துவிட்டால் கேட்க வேண்டியதில்லை. சாதி பார்க்காமல் கையையும் காலையும் தொட்டே ஆக வேண்டும்.

1924-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்து, பொதுச் சாலையிலும் கிணற்றிலும் அலுவலகத்திலும் நமக்கு உரிமை உண்டு என்று நிலைநாட்டினார். 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர், பேறுகாலச் சலுகை மசோதாவை ஆதரித்துப் பேசினார். தாயின் நலன் நாட்டின் நலன் என்பது அவர் வாதம். வாசலுக்குள் நுழையும் உரிமை கிடைத்துவிட்டது. உள்ளே போனபின் எல்லோருக்கும் ஒரே கவனிப்பு கிடைப்பதுதான் இன்றைய கேள்வி. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, நாடு முழுவதும் 1,000 குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பவர்கள் பட்டியல் சாதியினரிடையே ஏறக்குறைய 41. ‘இதரர்’ என்று கணக்கிடப்படுவோரிடையே 28.

தமிழ்நாட்டுக்கு இது முடியாத காரியமல்ல. அதே ஆய்வின்படி இங்கே 99 சதவீதத்துக்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. பிள்ளையைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் நோய்ப் பட்டியலில் பிறவி இதய நோய் இருக்கிறது. பக்கத்துக் கேரளம் ‘ஷலபம்’ திட்டத்தில் பச்சிளங்குழந்தைகளுக்கு ஆக்சிமீட்டர் சோதனையைச் சேர்த்து, 2017-இல் தொடங்கிய ‘ஹ்ருதயம்’ திட்டத்தில் நோயுள்ள பிள்ளைகளைப் பதிவு செய்து அறுவை சிகிச்சைக்கு அனுப்புகிறது.

எண்ணுக்குப் பிறகு

சோதனை மட்டும் போதாது. எண் குறைந்தால் எக்கோ எடுக்க வேண்டும். குறுக்குக் குழாயை மூடவிடாமல் வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்து மாவட்ட அளவில் எப்போதும் கையிருப்பில் வேண்டும். பச்சிளங்குழந்தைக்கு உரிய வசதியுள்ள 108 வண்டி வேண்டும். விழுப்புரத்திலிருந்து எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை ஏறக்குறைய 160 கிலோமீட்டர்.

சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆனால் சென்னையில் பத்து நாள் தங்கினால் இரண்டு பேரின் கூலி போகும். வீட்டில் விட்டுவந்த மூத்த பிள்ளைக்குச் சோறு யார் போடுவார்கள்? இதற்குப் பயந்தே “விதிப்படி நடக்கட்டும்” என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிய குடும்பங்கள் உண்டு. கூட இருப்பவருக்குப் படியும் தங்குமிடமும் சிகிச்சையின் ஒரு பகுதி என்று அரசு ஏற்க வேண்டும்.

2011 கணக்கெடுப்பின்போது, பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்ட மக்களில் 29 சதவீதத்துக்கு மேல் பட்டியல் சாதியினர். இங்கிருந்தே கேட்கத் தொடங்கலாம். ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் நோயாளர் நலச் சங்கம் இருக்கிறது. பச்சிளங்குழந்தைக்கான பட்டை வாங்க அதன் நிதியைப் பயன்படுத்தச் சொல்லலாம். கையின் எண்ணும் காலின் எண்ணும் தாய் சேய் நல அட்டையில் எழுதப்படாமல், அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், எந்தக் குழந்தையையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று கிராம சபையில் தீர்மானம் போடலாம். சேரியில் இறக்கும் ஒவ்வொரு குழந்தையின் சாவுக்கும் காரணம் விசாரித்து, பெற்றவர்களிடம் எழுத்தில் சொல்லச் சொல்லலாம்.

விதி வரும் வரை, பேறுகாலத்தில் இருக்கும் பெண்களிடம் இதைச் சொல்லி வையுங்கள். வீட்டுக்கு வந்த பிள்ளை பால் குடிக்கும்போது வியர்த்தாலோ, இரண்டு வாய் குடித்து இளைத்து நிறுத்தினாலோ, வேகமாக மூச்சு வாங்கினாலோ, நாக்கும் உதடும் நிறம் மாறினாலோ, மந்திரிக்கப் போக வேண்டாம். 108-ஐ அழையுங்கள். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது. மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போது அட்டையை நீட்டி, “எங்க பிள்ளையோட ஆக்சிஜன் எவ்வளவு? எழுதிக் கொடுங்க” என்று கேளுங்கள். தாய் கேட்கத் தயங்கினால் கூட இருக்கும் மாமியாரோ தம்பியோ கேட்கட்டும். பத்துப் பேர் கேட்டால் அது வழக்கமாகும். ஊரே கேட்டால் விதியாகும்.