ஆட்டோமேட்டிக் கார் குலுங்குதா? கியர்பாக்ஸ் பில் கட்டுறதுக்கு முன்னாடி இந்த வரிசையில செக் பண்ணுங்க



பௌர்ணமிக்கு திருவண்ணாமலைக்கு கார்ல வந்தவங்களுக்கு நான் சொல்றது புரியும். சென்னையில இருந்து திண்டிவனம், செஞ்சி வழியா வந்தாலும் சரி, பெங்களூருல இருந்து கிருஷ்ணகிரி, செங்கம் வழியா வந்தாலும் சரி, ஊரை நெருங்கிட்டா வண்டி ஊர்ந்துதான் போகும். பத்தடி நகரும், நிக்கும், மறுபடி பத்தடி. உங்க காலுக்கு வலி இல்லை, ஏன்னா ஆட்டோமேட்டிக். ஆனா உங்க காலுக்குப் பதிலா உள்ளே ஒரு கிளட்ச் அந்த வேலையைப் பார்த்துட்டு இருக்கு.

சில மாசம் கழிச்சு, ஒண்ணாவது கியர்ல இருந்து ரெண்டாவது மாறும்போது ஒரு குலுக்கல். சர்வீஸ் சென்டருக்குப் போனா, "கியர்பாக்ஸ் போச்சு சார்" அப்படின்னு ஒரே வரி. கையில கொடுக்கிற எஸ்டிமேட் உங்க ஒரு மாசச் சம்பளத்தைத் தாண்டி நிக்குது. பதட்டத்துல கிரெடிட் கார்டை எடுக்காதீங்க.

நான் மெக்கானிக் இல்லை, ஆடிட்டர். கணக்குல பணம் குறைஞ்சா நாங்க எடுத்த எடுப்புல யாரையும் திருடன்னு சொல்ல மாட்டோம். முதல்ல கூட்டல் சரியான்னு பார்ப்போம், அப்புறம் பேங்க் ஸ்டேட்மென்ட், அப்புறம்தான் மத்தது. காருக்கும் இதே முறைதான்: செலவே இல்லாத சோதனையில ஆரம்பிச்சு, செலவு அதிகமானதை கடைசியில வைங்க.

1. உங்க கார்ல இருக்கிறது எந்த ஆட்டோமேட்டிக்?

இது தெரியாம நோயைக் கண்டுபிடிக்க முடியாது. நாலு வகை இருக்கு.

ஏஎம்டி: 2014-ல மாருதி செலேரியோ மூலமா நம்ம பட்ஜெட்டுக்குள்ள வந்த வகை. மாருதி இதுக்கு ஏஜிஎஸ்னு பேர் வச்சிருக்கு. டியாகோ, க்விட் மாதிரி கார்கள்லயும் உண்டு. இது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை அமுக்கி கியரை மாத்துற வேலையை மட்டும் ஆக்சுவேட்டர்னு ஒரு கருவி செய்யுது. கியர் மாறும்போது தலை லேசா முன்னாடி ஆடும். வாங்கின நாள்ல இருந்தே அப்படின்னா அது நோய் இல்லை, குணம். மாறப்போற நேரத்துல ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினா பாதி குலுக்கல் போயிடும்.

டார்க் கன்வெர்ட்டர்: ஆயில் அழுத்தத்துல வேலை செய்யும். பொதுவா மென்மையா இருக்கும். புதுசா குலுங்கினா, முதல் சந்தேகம் கியர் ஆயில் குறைஞ்சிருக்கு இல்ல பழசாயிருக்கு.

சிவிடி: ஹோண்டா சிட்டி, அமேஸ்ல வர்றது. பெல்ட்டும் புல்லியும்தான், கியர் படிகளே கிடையாது. அதனால குலுங்கினா காரணம் இருக்குன்னு அர்த்தம்.

டிசிடி: ரெண்டு கிளட்ச். அதுல டிரை கிளட்ச் வகைக்கு ஊர்ந்து போற டிராஃபிக்கும் சூடும் ஆகாது.

2. பைசா செலவில்லாத சோதனைகள்

ஒரு வாரம் போன்ல குறிச்சு வைங்க. காலையில இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? எந்த கியர்ல? மேட்டுலயா, சமதளத்துலயா?

அடுத்தது முக்கியமானது. உங்க கார்ல மேனுவல் மோடு இருந்தா, காலி ரோட்ல ஒரே கியர்ல வச்சு சீரா ஓட்டுங்க. கியரே மாறலை, ஆனாலும் வெட்டி வெட்டிப் போகுதா? அப்போ சந்தேகம் முதல்ல இன்ஜின் பக்கம் போகணும். ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், அழுக்கான த்ராட்டில் பாடி இப்படி எதுவா வேணா இருக்கலாம். இதையெல்லாம் சரி பண்ற செலவும் கியர்பாக்ஸ் செலவும் பக்கத்துல கூட வராது.

பிரேக்கை அமுக்கிட்டு டி-ல இருந்து ஆர்-க்கு மாத்தும்போது 'டொக்'னு சத்தமும் அதிர்வும் வருதா? இன்ஜின் மவுண்ட் அதாவது ரப்பர் தாங்கி தேய்ஞ்சிருக்கலாம். பேட்டரி எத்தனை வருஷம் ஆச்சுன்னும் பாருங்க. கரண்டை நம்பி வேலை செய்ற ஆக்சுவேட்டர், பேட்டரி பலவீனமானா தடுமாறும்.

ஒரு எச்சரிக்கை: தீஞ்ச வாசனை, கியர் வார்னிங் லைட், ஓடும்போதே நியூட்ரலுக்குப் போறது, இதுல எது வந்தாலும் சோதனை பண்ணாதீங்க. ஓரமா நிறுத்தி டோவிங் வண்டியைக் கூப்பிடுங்க.

3. ஸ்கேன் ரிப்போர்ட் இல்லாம எஸ்டிமேட் வேண்டாம்

ஸ்டீயரிங் கிட்ட இருக்கிற ஓபிடி சாக்கெட்ல ஸ்கேனர் போட்டா காரே தன் குறையைச் சொல்லும். பி0300-ல ஆரம்பிக்கிற வரிசை வந்தா இன்ஜின் மிஸ்ஃபயர். பி0700 வந்தா, கியர்பாக்ஸை இயக்குற கம்ப்யூட்டர்கிட்ட ஒரு பிழை பதிவாகி இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். அது தீர்ப்பு இல்லை, அந்தப் பிழை என்னன்னு இன்னும் உள்ளே போய்ப் பார்க்கணும். அழிக்கிறதுக்கு முன்னாடி எல்லா கோடையும் ஜாப் கார்டுல எழுதச் சொல்லுங்க.

4. ரிப்பேர்லயும் வரிசை இருக்கு

ஏஎம்டி-ல கிளட்ச் தேயத் தேய, அது எங்கே பிடிக்குதுங்கிற அளவும் மாறும். ஸ்கேனர் மூலமா அந்த அளவை மறுபடி கத்துக்கொடுக்கிற காலிப்ரேஷனை முதல்ல கேளுங்க. அதுல தீரலைன்னா கிளட்ச் செட், அப்புறம் ஆக்சுவேட்டர், கடைசியாதான் முழு கியர்பாக்ஸ். நேரா கடைசிக்குப் போனாங்கன்னா ஒரே கேள்வி: "முந்தின மூணும் சரியா இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுது?" பதில் எழுத்துல வரலைன்னா இன்னொரு இடத்துல காட்டுங்க.

5. காகிதம்தான் காசு

அமெரிக்காவுல ஃபோர்டு ஃபியஸ்டா, ஃபோக்கஸ் கார்களோட டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் குலுங்குதுன்னு உரிமையாளர்கள் வழக்குப் போட்டாங்க. 2020-ல சமரசத்துக்கு கோர்ட் ஒப்புதல் கொடுத்தது. இழப்பீடு யாருக்கு எவ்வளவுங்கிறதுக்கு ஒரு முக்கிய அளவுகோல், கியர்பாக்ஸுக்காக எத்தனை தடவை சர்வீஸுக்குப் போனாங்கங்கிறது. வாய்ல சொன்னவங்களுக்கு இல்லை, பதிவு வச்சிருந்தவங்களுக்குத்தான் லாபம்.

நம்ம ஊர்லயும் அதேதான். வாரன்டி முடியுறதுக்கு முன்னாடியே "கியர் மாறும்போது குலுங்குது"ன்னு ஜாப் கார்டுல ஏறணும். கிளட்ச் பிளேட் தேய்மானப் பொருள், அதனால வாரன்டியில பெரும்பாலும் வராது. எக்ஸ்டெண்டட் வாரன்டி வாங்கும்போது விலக்குப் பட்டியலை முதல்ல படிங்க. இன்ஷூரன்ஸும் தேய்மானத்துக்கும் மெக்கானிக்கல் பிரேக்டவுனுக்கும் பணம் தராது. 'கியர்பாக்ஸ் புரொடக்ட்' ஆட்-ஆன் பொதுவா தண்ணி புகுந்தது, அடியில இடிபட்டு ஆயில் கசிஞ்சது மாதிரியான சேதத்துக்குத்தான்.

நியாயம் கிடைக்கலைன்னா 1915 தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே புகார் கொடுக்கலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள கொடுக்கணும். ரிப்பேருக்கு நீங்க கட்டின தொகை 5 லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணம் கிடையாது.

சம்பளக்காரங்களுக்கு கடைசியா ஒரு கணக்கு

ஆட்டோமேட்டிக் வாங்கும்போது இஎம்ஐ மட்டும் பார்க்கிறோம். வாரன்டி முடிஞ்ச மாசத்துல இருந்து 1,500 ரூபாய் தனி ஆர்டி-ல போடுங்க. மூணு வருஷத்துல வட்டி இல்லாமலே 54,000 ஆயிடும். கிளட்ச் செலவு வந்தா அது அதிர்ச்சி இல்லை, எதிர்பார்த்த செலவு. முழு கியர்பாக்ஸ் எஸ்டிமேட் வந்தா, காரோட இன்னைய விற்பனை விலையை பக்கத்துல எழுதிப் பாருங்க. லோன் பாக்கி அந்த விலையைவிட அதிகமா இருக்கும்போது பர்சனல் லோன் எடுத்து ரிப்பேர் பண்றது, ஒரே காருக்கு ரெண்டு கடன்.

கிளட்ச் ஆயுளைக் கூட்டுறது உங்க கையிலதான் இருக்கு. பௌர்ணமி நெரிசல்ல ஒவ்வொரு அடிக்கும் நகராம, முன்னாடி இடம் விட்டு ஒரேயடியா நகருங்க. ஜமுனாமரத்தூர் மலைப்பாதையில நிக்கும்போது ஆக்சிலரேட்டர்ல வண்டியைத் தாங்காம பிரேக்ல நிறுத்துங்க.

சர்வீஸ் சென்டர்ல கேட்க வேண்டிய கேள்விகளை நம்ம சேனல் வீடியோவுலயும் வரிசையா சொல்றேன். அதுவரைக்கும் இன்னைக்கே ஒரு வேலை: உங்க வாரன்டி எந்த தேதியில முடியுதுன்னு பார்த்து, அதுக்கு ஒரு மாசம் முன்னாடி போன்ல ரிமைண்டர் வைங்க.