மால்குடிக்கு முகம் தந்தவர்கள்

ஆர். கே. நாராயண் 1935-இல் ‘சுவாமியும் நண்பர்களும்’ நாவலில் உருவாக்கிய மால்குடி, எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர். அதைத் தொலைக்காட்சியில் காட்ட வேண்டுமென்றால் எங்கே போவது?

‘மால்குடி டேஸ்’ தொலைக்காட்சித் தொடரின் இயக்குநர் சங்கர் நாக் தேர்ந்தெடுத்தது, கர்நாடகத்தின் மலைநாட்டில் மழை கொட்டும் சிற்றூரான ஆகும்பே. அங்கே ‘தொட்ட மனே’ என்ற பழைய வீடு ஒன்று இருக்கிறது. நடுவில் முற்றம், சுற்றிலும் வழவழப்பான மரத்தூண்கள். சிறுவன் சுவாமியின் வீடாகத் திரையில் தெரிந்தது அதுதான். சுவாமியாக மாஸ்டர் மஞ்சுநாத் நடித்தார். கண்டிப்பான அப்பா கிரீஷ் கர்னாட்.

தன் ‘கைடு’ நாவல் இந்தித் திரைப்படமானபோது, கதை மால்குடியை விட்டு வடக்கே போய்விட்டதே என்று நாராயண் வெளிப்படையாக வருந்தியவர். ‘மால்குடி டேஸ்’ தொடரிலோ ஊரே உயிர்பெற்றது. தொடக்கக் காட்சியில் வரும் கோட்டோவியங்கள் அவருடைய தம்பி ஆர். கே. லக்ஷ்மண் வரைந்தவை. இன்றும் பலர் முணுமுணுக்கும் அந்த முகப்பு இசை, வயலின் மேதை எல். சுப்பிரமணியத்தின் அண்ணன் எல். வைத்தியநாதனுடையது.

1980-களில் தூர்தர்ஷனில் தொடர் ஒளிபரப்பானது. அந்த எளிமையை அதற்குப் பிறகு வந்த தொடர்கள் அரிதாகவே எட்டின.

சங்கர் நாக் 1990-இல் கார் விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 35. மால்குடி ரயில் நிலையமாகப் படமாக்கப்பட்ட அரசாளு நிலையத்தின் பழைய கட்டடம், இப்போது ‘மால்குடி அருங்காட்சியகம்’. சிவமொக்கா பக்கம் போகும் நேயர்கள் அவசியம் இறங்கிப் பாருங்கள்.