ஏலம் போகும் எலுமிச்சை

திருச்சி வட்டாரத் தேவாலயங்களில் அறுப்பின் பண்டிகை வந்தால் பீடத்தின் முன்னால் விளைச்சல் குவியும். பூவன் வாழைத்தார், நெல், கரும்பு, பரங்கிக்காய் வரும். கால் கட்டிய நாட்டுக்கோழியும் வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒற்றை எலுமிச்சையைக் கடைவிலைக்குப் பல மடங்கு கேட்டு எடுப்பவர், காசைக் கட்டிவிட்டு அதே பழத்தை மறுபடி ஏலத்துக்கே கொடுப்பதுண்டு. எவ்வளவு அழகான வழக்கம்! ஒரே பழம் இரண்டு மூன்று முறை விலைபோகும். பணம் ஆலயச் செலவுக்கும் உதவிப் பணிகளுக்கும் சேரும்.

பொதுப்பணிக்குப் பணம் திரட்ட ஏலம்தான் வழி என்றில்லை; பிடி அரிசி சேர்த்தே பள்ளிக்கூடம் நடத்தியவர்களும் உண்டு. விருதுநகரில் 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்காக வீட்டுக்கு வீடு தினமும் ஒரு கைப்பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். காமராசர் படித்தது அந்தப் பள்ளியில்தான்.