கண்ணின் மஞ்சள் மறைந்தால் போதுமா?

மஞ்சள் காமாலை என்றதும் தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் நாம் தேடிச் செல்வது வரப்போரத்துக் கீழாநெல்லியை. அதை அரைத்து மோரில் கலந்து பருகி, பத்தியமும் காக்கிறோம். சில வாரங்களில் கண்ணின் மஞ்சள் மறைய, நோய் தீர்ந்ததென அமைதி கொள்கிறோம். ஆனால், மஞ்சள் மறைவது வேறு. நோய்க்கிருமி மறைவது வேறு.

காமாலைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஹெப்படைட்டிஸ் 'பி' என்னும் வைரஸ் சிலருடைய உடலில் ஓசையின்றித் தங்கிவிடும். பல ஆண்டுகளுக்குப் பின் கல்லீரல் சுருங்கி இறுகும். சிலருக்கு அங்கே புற்றும் தோன்றும். குடிப்பழக்கம் அதனை விரைவுபடுத்தும். அப்புற்று நுரையீரலுக்கும், எலும்புக்கும், சிறுநீரகத்தின்மேல் தொப்பிபோல் அமைந்த அட்ரீனல் சுரப்பிக்கும் பரவும். அரிதாகச் சிறுநீரகத்தையே பற்றும். சிறுநீரகத்தில் காணப்படினும் அது கல்லீரல் புற்றே. அந்நிலையில் அறுவையால் அதனை அடியோடு அகற்றுதல் பெரும்பாலும் இயலாது. நோவைத் தணித்து வாழ்நாளை நீட்டிக்கவே மருத்துவர் முயல்வர்.

கீழாநெல்லியின் ஆற்றலை அறிவியலார் ஆராயாமல் விடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்து எஸ். பி. தியாகராஜன் குழுவினர், இவ்வைரஸைக் கண்டறிந்தமைக்காக 1976-இல் நோபெல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் இணைந்து, 1988-இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மூலிகை உண்ட 37 பேருள் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. எனினும், பின்னர் வேறு நாடுகளில் நடந்த சோதனைகளில் அப்பயன் உறுதிப்படவில்லை. மூலிகையை நாம் இகழ வேண்டியதில்லை; அதனை மட்டுமே நம்பியிருத்தலும் ஆகாது.

உறுதிப்பட்ட காவல் தடுப்பூசியே. தைவான் 1984-இல் குழந்தைகளுக்கு இதனை வழங்கத் தொடங்கியது. பின்னாளில் அங்குச் சிறுவரிடையே கல்லீரல் புற்று குறைந்தது. நம் நாடு முழுவதும் 2011 முதல் இது அரசின் தடுப்பூசித் திட்டத்தில் உள்ளது. தாயிடமிருந்து சேய்க்குக் கிருமி தொற்றாதிருக்க, பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசி போடப்பட வேண்டும்.

பெரியவர்களோ, காமாலை கண்டவுடன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுதல் வேண்டும். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கிருமி தங்கியிருப்பதாகத் தெரிந்தால் அஞ்சவேண்டாம், மறைக்கவும் வேண்டாம். மருத்துவர் கூறும் மாத்திரையை இடைவிடாது உட்கொள்ளுதல், குறித்த காலத்தில் ஸ்கேன் எடுத்தல், மதுவை அறவே விடுதல் ஆகியவை புற்றின் வழியை அடைக்கும். அவ்வீட்டிலுள்ள ஏனையோரும் பரிசோதித்து, தேவைப்படின் ஊசி போட்டுக்கொள்வாராக.

நோய் சிறுநீரகத்தை எட்டியபின் ஊரெங்கும் கடன் வாங்கி அலைவதினும், காமாலை கண்ட நாளிலேயே ஒரு துளி இரத்தம் கொடுப்பது நம் குடும்பங்களுக்கு எளிதன்றோ?