இரு வழி இணையம்

இக்காலத்துக் காரியாலயங்கள் பல, இணைய வசதியை ஒரு கம்பெனியாரிடம் மட்டும் பெறாது, இரு கம்பெனியாரிடம் பெற்று வருகின்றன. ஒன்று அறுந்துழி மற்றொன்று உதவும் என்பது கருத்து. தமிழ் பயிலும் மாணவனுக்கு இத்துறையில் என்ன வேலை என்று நண்பர் நகைக்கலாம். என் தமையனார் ஒரு சிறு காரியாலயத்தில் இவ்வலுவல் பார்ப்பவர். சென்ற விடுமுறையில் ஒருநாள் அவருடனிருந்து கண்டதே இக்கட்டுரைக்குக் காரணம்.

அன்று மாதக் கடைசி. ஊழியர் அறுபதின்மர்க்கும் பாங்கி வாயிலாகச் சம்பளம் அனுப்பவேண்டும். காலையில், கணக்கர் பாங்கியின் பக்கத்தில் நுழையுந்தோறும் வெளியே தள்ளப்பட்டார். நண்பகலிலோ, எவருக்கும் பக்கங்களிற் பாதி திறந்தன, பாதி திறக்கவில்லை. ஆயினும் இரு வழிகளுக்குமுரிய பச்சை விளக்குகள் ரௌட்டரில் எரிந்துகொண்டேயிருந்தன.

ரௌட்டர் என்பது காரியாலயத்துக்கும் வெளியுலகுக்கும் இடையே நின்று வாயில் காக்குங் கருவி. நாம் விடுக்கும் செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து, அனுப்புவோர் விலாசமும் பெறுவோர் விலாசமும் தாங்கிச் செல்லும். காரியாலயத்தினுள் வழங்கும் 192.168 எனத் தொடங்கும் விலாசங்கள் வெளியே செல்லா. ஆதலின் ரௌட்டர் அவற்றை மாற்றி, அவ்வழிக்குரிய கம்பெனியார் அளித்த விலாசத்தை எழுதி விடுக்கும். விடையும் அவ்விலாசத்துக்கே மீளும். முடிச்சு இங்கேதான் இருக்கின்றது. முதல் வழியே தொடங்கிய உரையாடலின் நடுவே ஒரு பொதி இரண்டாம் வழியே செல்லுமாயின், எதிர்முனையிலுள்ள கணிப்பொறி அதனை யாரோ ஒருவனது ஓலையென்று தள்ளிவிடும்.

எனவே பொதி பொதியாகப் பங்கிடாது, உரையாடல் உரையாடலாகப் பங்கிடுவர். வினாடிக்கு 300 மெகாபிட் வழியொன்றும் 100 மெகாபிட் வழியொன்றும் இருப்பின், நான்கில் மூன்று முன்னதற்கும் ஒன்று பின்னதற்கும் ஆம். ஒரே உரையாடலாக இறங்கும் பெருங் கோப்புக்கு 400 மெகாபிட் வேகம் கிட்டுமென்று எதிர்பார்த்தல் வீண்.

பாங்கியின் பக்கம் ஒன்று திறக்கவே உரையாடல்கள் பல வேண்டும். அவற்றுட் சில ஒரு வழியும் சில மறு வழியும் செல்லவே, ஒரே ஆள் இரு விலாசத்தினின்று வருவது கண்டு பாங்கி ஐயுற்றது. அதனைக் குறை கூறலாகாது. காவலனுக்கு அதுவே முறை. பாங்கிக்குரிய யாவும் முதல் வழியே செல்க என விதி எழுதியதும் அத்தொல்லை தீர்ந்தது.

நண்பகற் குறை இன்னும் நுட்பமானது. பச்சை விளக்கு, அடுத்த கருவி வரையிலுள்ள கம்பி உயிரோடிருப்பதையே காட்டும். அதற்கப்பால், கம்பெனியாரின் வலையில் நேர்ந்த முறிவை அது காணாது. ரௌட்டரும் விளக்கை நம்பிச் செய்திகளைப் படுகுழியில் இட்டுக்கொண்டிருந்தது. தமையனார் பழுதுற்ற வழியின் கம்பியைக் கையாற் பிடுங்கினார். மாலைக்குள் சம்பளம் போய்ச் சேர்ந்தது. பின்னர், 8.8.8.8, 1.1.1.1 ஆகிய தொலைவிடங்களை ஐந்து வினாடிக்கொருமுறை ஒவ்வொரு வழியேயும் வினவுமாறு அமைத்தார். மும்முறை தொடர்ந்து இரண்டிடத்தினின்றும் விடையின்றேல் அவ்வழி ஒதுக்கப்படும். ஒருமுறை தவறியதற்கே ஒதுக்கினால், வழி ஊசலாடும்.

அங்ஙனம் மாறும்போதும், விலாசம் மாறுதலின், நடந்துகொண்டிருக்கும் உரையாடல் அறுந்தே தீரும். பெரு நிறுவனங்கள் சொந்த விலாசம் வைத்து, 1989-இல் தோன்றிய பி.ஜி.பி. முறையால் அதனை இரு கம்பெனியார்க்கும் அறிவித்து இதனைத் தவிர்க்கும். ஆயின், 256 விலாசங்களுக்குக் குறைந்த தொகுதியைப் பிற வலைகள் பெரும்பாலும் ஏலா. சிறு காரியாலயத்துக்கு அது எட்டாக் கனி.

இரு கம்பெனி என்பதாலேயே இரு வழி ஆகிவிடாது. 2008 ஜனவரி 30-இல் எகிப்திய நகராம் அலெக்சாந்திரியாவுக்கருகே, வெவ்வேறு உடைமையாளரின் கடற்கம்பிகள் இரண்டு ஒருங்கே அறுந்தன. இந்தியாவில் இணையம் தளர்ந்தது. இதனை எனக்குச் சொல்லிக்கொண்டே தமையனார் தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். எங்கள் இரு கம்பெனியாரின் கம்பிகளும் ஒரே கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.