கருவியும் கனிந்த கரமும்

இராஜபாளையத்து நூற்பாலைகளில் உழைப்போரிடையேயும், ஸ்ரீவில்லிபுத்தூர்த் தறிகளில் நெய்வோரிடையேயும் நீரிழிவு இன்று அரிய நோயன்று. வலியின்றியே கண்ணைக் கெடுப்பது இந்நோயின் வஞ்சகம். விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதுற்றுக் கசிந்தாலும், பார்வை மங்கும் வரை நோயாளர் உணர்வதில்லை. இழந்த பார்வையை மீட்பது கடினம்; முன்னரே கண்டறிந்தால் காப்பது எளிது. ஆனால், ஆண்டுதோறும் இத்தனை பேரின் விழித்திரையையும் ஆராய்வதற்குக் கண் மருத்துவர்கள் எங்கே போதுகின்றனர்?

இக்குறையைப் போக்கவே செயற்கை நுண்ணறிவு துணைக்கு வந்துள்ளது. கூகுள் நிறுவன ஆய்வாளர் 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு கணினியைப் பழக்கி, 2016-இல் முடிவை வெளியிட்டனர். டாக்டர் வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் அதில் பங்கு கொண்டது. அங்கும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளரிடம் செய்த சோதனையில், படங்களைப் பார்த்துப் பழகிய வல்லுநருக்குக் கணினி சளைத்ததன்று எனப் புலனாயிற்று. 2019-இல் மதுரையில் அது நடைமுறைக்கும் வந்தது.

எனினும், கருவியை வாங்கி வைத்துவிட்டால் போதுமா? தாய்லாந்தில் நிகழ்ந்ததை நோக்குவோம். அங்கே 11 மருத்துவ நிலையங்களில் செவிலியரே படமெடுத்து இக்கருவியைக் கையாண்டனர். முதல் ஆறு மாதங்களில் அதனிடம் தந்த 1,838 படங்களுள் 21 விழுக்காட்டைத் தரம் போதாதென்று அது தள்ளிவிட்டது. பல நிலையங்களில் இருட்டறை இல்லை. இணைய இணைப்போ மந்தம். தம் கண்ணுக்கு நன்றாகத் தோன்றிய படமும் தள்ளப்படுவது கண்டு செவிலியர் மனம் சலித்தனர். பின்னர் ஆய்வாளர் அவர்களிடமே சென்று, குறைகளைக் கேட்டறிந்து, முறையைத் திருத்தலாயினர். முதலிலேயே கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்கின்றனர். எத்துணை நேர்த்தியாக நெய்தாலும் துணி தானே சென்று புண்ணைக் கட்டுவதில்லை. கட்டுவதற்கு ஒரு கரம் வேண்டும். புதிய கருவியின் நிலையும் அதுவே. ஆகவே, மருத்துவமனை நடத்துவோர் கட்டளையிடுமுன் கற்பிக்க வேண்டும். வேலை பறிபோகுமோ என்னும் அச்சத்தை வெளிப்படையாகப் பேசித் தீர்க்க வேண்டும். 'கருவி தவறுகிறது' என்று செவிலியர் சொல்ல உரிமை தர வேண்டும். சிகிச்சை பற்றிய முடிவும் அதன் பொறுப்பும் என்றும் மனிதரிடமே இருத்தல் வேண்டுமெனத் திருப்பீடம் 2025 சனவரியில் வெளியிட்ட ஏடும் வலியுறுத்துகிறது.

செவிலியராகப் பணியாற்றும் நம் பெண்மக்களும் ஆண்மக்களும் இக்கல்வியைத் தயங்காது பெறுவார்களாக. குடும்பத் தலைவர்களே, தலைவியரே! வீட்டில் நீரிழிவுள்ளவர் இருப்பின், பார்வை தெளிவாயிருக்கும்போதே அவரைக் கண் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். படமெடுக்கும் செவிலியர் மீண்டும் ஒருமுறை எடுக்க வேண்டுமென்றால், பொறுமையோடு அமர்ந்திருக்கச் சொல்லுங்கள்.