பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள்!

முழங்கால் வலி, இடுப்பு வலி பற்றி நம் பக்கத்தில் எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். தாடை வலி பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. பட்டு அனுபவித்தவள் என்பதால் நானே எழுதுகிறேன்.

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். உள்ளே ஏதோ நகர்வது தெரியும். அதுதான் தாடை மூட்டு. பேச, மெல்ல, கொட்டாவி விட என்று நாள் முழுக்க உழைக்கிற மூட்டு அது. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி சின்னதாக ஒரு தட்டு இருக்கிறது. அந்தத் தட்டு நகர்ந்தாலோ, சுற்றியுள்ள தசைகள் இறுகினாலோ வலி வரும். வலி அங்கேயே நிற்காமல் காது, நெற்றிப்பொட்டு, பல், கழுத்து என்று போக்குக் காட்டும். அதனால் நோய் ஒரு பக்கம், வைத்தியம் ஒரு பக்கம் என்று ஆகிவிடுகிறது.

எனக்கும் அப்படித்தான் ஆனது. முதலில் காதுக்குச் சொட்டு மருந்து. பிறகு ஒரு பல் மருத்துவர் கடைவாய்ப் பல்லை எடுத்தார். பல் போச்சு, வலி போகலை. காலையில் எழுந்தால் தாடை மரக்கட்டை மாதிரி இருக்கும். சப்பாத்தியை நினைத்தாலே பயம். "வாய்க்கு ஆண்டவனே பூட்டுப் போட்டுட்டான்" என்று வீட்டில் கேலி வேறு. எனக்கும் சேர்ந்து சிரிக்க ஆசைதான், வாய் திறந்தால்தானே!

கடைசியில் அரசு மருத்துவமனை பல் பிரிவில் காட்டினோம். "பல்லில் கோளாறு இல்லை. தாடைத் தசை இறுகியிருக்கு" என்று பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார்கள். "கை கால் விழுந்தவங்களுக்குத்தானே அது, வாய்க்குமா?" என்று என் வீட்டுக்காரர் ஆச்சரியப்பட்டார்.

அங்கே இருந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: "கோபம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடுவேன்."

"அதைத்தாம்மா உங்க தாடை சொல்லுது" என்றார். மனசில் கவலை இருந்தால் பகலில் நமக்கே தெரியாமலும், ராத்திரி தூக்கத்திலும் பல்லைக் கடிப்போமாம். இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் என்றும் சொன்னார்.

சிகிச்சையில் ஊசி, கத்தி எதுவும் இல்லை. கன்னத்துத் தசையை வெளியிலும், கையுறை போட்டு வாய்க்குள்ளும் அழுத்தி இளக்கினார். கீழ்ப்பல் மேல் கட்டை விரலை வைத்துத் தாடையை மெல்லக் கீழே இழுத்து விட்டார். கழுத்தை நிமிர்த்தி வைக்கவும் பழக்கினார். நாள்பட்ட தாடை வலிக்கு இப்படிப்பட்ட கைச் சிகிச்சை, பயிற்சி, மன இறுக்கம் குறைக்கும் ஆலோசனை ஆகியவற்றையே 2023-ல் வெளிவந்த பி.எம்.ஜே. மருத்துவ இதழின் வழிகாட்டுதலும் பரிந்துரைக்கிறதாம்.

வீட்டில் செய்யச் சொன்னவை:

1. உதடு மூடியிருக்கட்டும், பற்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது. 'அன்னம்' என்று சொல்லும்போது நாக்கு தொடுகிற இடத்திலேயே நாக்கு நுனி இருக்கட்டும்.

2. நாக்கை அங்கேயே வைத்து, கண்ணாடி பார்த்து, தாடை ஒரு பக்கம் கோணாமல் மெதுவாகத் திறந்து மூட வேண்டும். ஒரு தடவைக்கு 6 முறை. வலிக்கிற அளவுக்குத் திறக்கக்கூடாது.

3. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கன்னத்தில் 10 நிமிடம் ஒத்தடம். சூடு பொறுக்கிற அளவு போதும்.

4. வலி குறையும்வரை முறுக்கு, கரும்பு, பபிள்கம் வேண்டாம். குழைந்த சாதம், இட்லி, இடியாப்பம் நல்லது.

5. கொட்டாவி வந்தால் முகவாய்க்கட்டையின் கீழ் கையைக் கொடுத்துத் தாங்குங்கள்.

ஒன்றரை விரல் அளவுக்குத் திறந்த என் வாய், ஆறு வாரத்தில் மூன்று விரலை நெருங்கியது. உங்களுடைய மூன்று விரலைச் செங்குத்தாக வைத்துப் பாருங்கள். சாதாரணமாக அவ்வளவு திறக்க வேண்டும். வலியில்லாமல் 'டொக்' என்று சத்தம் மட்டும் வந்தால் பயம் வேண்டாம், அதற்கு வைத்தியமே தேவையில்லை என்றார்கள்.

ஆனால் சிலவற்றைத் தள்ளிப்போடக்கூடாது. பாக்கு, புகையிலை போடுகிறவர்களுக்கு வாய் திறப்பது குறைந்து, காரம் பட்டால் எரிந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். உடனே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். திறந்த வாய் மூடாமல் நின்றுவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நெஞ்சு வலி, வியர்வையோடு தாடையும் வலித்தால் அது இருதயமாக இருக்கலாம், 108-ஐக் கூப்பிடுங்கள். யாராவது பல்லை ராவணும், எடுக்கணும் என்றால், "மூட்டையும் தசையையும் பார்த்தீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ராவிய பல் திரும்ப வளராது.

"பொம்பளைன்னா பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துப் போகணும்" என்றுதான் நம்மை வளர்த்தார்கள். பொறுமை வேண்டியதுதான். ஆனால் பல்லைக் கடிக்க வேண்டாம், சகோதரிகளே. மனசில் இருப்பதை வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். தாடைக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

— ஒரு வாசகி, திண்டுக்கல்.